மரத்தைப் பற்றி மட்டும்

ஜோங்ஊப்
1993 அக்டோபர் 28

மதிப்பிற்குரிய பியோ சுன்ரே அம்மாள் அவர்களுக்கு,

முதல் வரியில் ஒரு சொல்லை எழுதி அடித்திருப்பதை மன்னிக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். வீட்டில் இருந்த கடைசித் தாள் இது. ஏழு ஆண்டுகளாக உங்களைச் சம்பந்தியம்மா என்று எழுதிப் பழகிய கை, என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது. என் மகனும் உங்கள் மகளும் ஏப்ரலில் சட்டப்படி பிரிந்த பிறகு அந்தச் சொல்லில் எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் பிரிந்தபின் பெற்றவர்கள் கடிதம் எழுதிக்கொள்வதும் நம்மிடையே வழக்கமில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். காரணம், மரம்.

உங்கள் நூடுல்ஸ் கடை வாசலில் நிற்கும் சிவப்பு மேப்பிளுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் என் மகன் ஜுன்மோ வைக்கோல் கட்டுவான். இந்த ஆண்டு அவன் வரப்போவதில்லை. புசானில் அவன் எந்தத் தெருவில், யாருடன் இருக்கிறான் என்பதைக்கூட நான் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

கட்டாமல் விட்டால் மரம் தாங்காது. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அது இரண்டு மரம். வேர், உங்கள் வீட்டுப் பின்மலையில் நான் தோண்டி எடுத்த காட்டு மேப்பிள் கன்று. மைனஸ் முப்பதிலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் நான் ஒட்டுக் கட்டியது எங்கள் தெற்கத்தி மரத்தின் குச்சி. மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால் தாங்குமா என்பதில் எனக்கே உறுதி இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முழங்கை மடித்ததுபோல ஒரு வீக்கம் தெரியும். அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே உங்கள் ஊர். மேலே எங்கள் ஊர்.

செய்ய வேண்டியது: நவம்பர் இருபதுக்குள், மழை பெய்யாத ஒரு நாளில், ஒட்டு மூடும் அளவுக்குச் சருகைக் குவியுங்கள். பிறகு கிளைகளை மெல்லச் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை வைக்கோலைச் சுற்றி, வைக்கோல் கயிற்றால் கட்டுங்கள். இறுக்க வேண்டாம், கயிற்றுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். எவ்வளவு வைக்கோல் தேவை என்று கணக்கிட மரத்தின் உயரத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். என் காது போய்விட்டது. யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்கும். யார், என்ன என்பது கேட்காது.

வேறு எதுவும் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கவில்லை.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1993 நவம்பர் 9

வாத்தியார் ஐயாவுக்கு,

அடிச்ச சொல்லு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா நல்லாவே தெரியுது. அடுத்த தடவை அடிக்கிறதா இருந்தா கெட்டியா அடிங்க.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுற வாரம் இது. கையெல்லாம் மிளகாய். அதனாலதான் காகிதத்துல சிவப்புக் கறை. ரத்தம்னு நினைச்சு நீங்க பயந்துடக் கூடாதுன்னு சொல்றேன். நீங்க பயப்படுற ஆளு.

உங்க கடிதத்தை இன்சுக்தான் முதல்ல பார்த்தா.

"யாரும்மா எழுதியிருக்கா?"

"மரம்."

"மரம் எழுதுமா?"

"வாத்தியார் வீட்டு மரம் எழுதும்."

பிடுங்கிப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் சொன்னா: "பிள்ளை பேரு இன்னும் அவங்க குடும்பப் பதிவேட்டுலதான் இருக்கு. நாளைக்கே வந்து எங்க வம்சம்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாலும் சட்டம் அவங்க பக்கம்தான். எழுதட்டும். மரத்தைப் பத்தி எழுதட்டும். மரத்தைப் பத்தி மட்டும். பிள்ளை பேரு ஒரு வரியில வந்தாலும் அடுத்த கடிதம் பிரிக்காமலே அடுப்புக்குப் போகும். நீயும் அப்படித்தான் எழுதணும்."

சரின்னுட்டேன். அவ பெத்தவ. நான் சும்மா சோறு போடுறவ.

ஆக, மரத்தைப் பத்தி. உயரம் அளந்தேன், கடை நாடாவை வெச்சு. நூத்தி நாப்பத்தி மூணு. ஞாயித்துக்கிழமை வைக்கோல் கட்டியாச்சு. நூடுல்ஸ் சாப்பிட வந்த ரெண்டு சிப்பாய்ப் பசங்க பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் கேட்டான், "அம்மா, இது யாரு, உங்க வீட்டுக்காரரா, இப்படிப் போர்த்துறீங்க?" "இல்லடா, சம்பந்தி"ன்னேன். சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அன்னைக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்க எல்லாம் உள்ளே உட்கார்ந்து பலகாரம் சாப்பிட, நீங்க மட்டும் கோட்டுப் போட்டுக்கிட்டு மலையில செடி பிடுங்கிட்டு இருந்தீங்களே. "இந்த ஆளு மூளை சரியா இருக்கா"ன்னு என் அண்ணன் என் காதுல கேட்டார்.

இன்னொண்ணு. இதுவும் மரத்தைப் பத்தித்தான். கட்டும்போது மரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆள் நேரா நின்னாங்க. குதிகால் தூக்காம. மரத்தோட உச்சி மொட்டு அந்த ஆளோட தலைக்கு மேல சரியா என் கையால ஒரு சாண், நாலு விரல்.

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1993 நவம்பர் 16

மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு,

விதியை ஏற்கிறேன். அது நியாயமானது. பதிவேட்டைக் காட்டி யாரையும் அழைத்துவரும் எண்ணம் எனக்கு எந்நாளும் இல்லை. இந்த வரி விதியை மீறியதாகத் தோன்றினால் கத்தரித்துவிடுங்கள்.

உயரம் 143 செ.மீ. எனில் போன ஆண்டைவிட 8 செ.மீ. வளர்ச்சி. நன்று.

திருமண நாளன்று நீங்கள் எனக்கு ஊற்றிய மதுக்கிண்ணத்தை உங்கள் கை முழுவதும் சுற்றிப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. அதே அளவுக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து உங்கள் சாணை 19 செ.மீ. என்றும், நான்கு விரலை 7 செ.மீ. என்றும் மதிப்பிட்டேன். 143இலிருந்து 26 போனால் 117. ஒன்று கூடவோ குறையவோ இருக்கலாம். சமையலறைக் கதவின் நிலையில் 117இல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இது மரத்தைப் பற்றிய கணக்குதான்.

ஒரு சந்தேகம். நின்றவர் காலணி அணிந்திருந்தாரா? ஒன்றரை செ.மீ. வித்தியாசம் வரும்.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1994 ஜனவரி 19

வாத்தியார் ஐயாவுக்கு,

ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாங்க. கோட்டைக் கீழே இறக்குங்க.

இன்னைக்கு மைனஸ் இருபத்திரெண்டு. ஆறு உறைஞ்சு அதுமேல லாரி போகுது. கடைக்கு யாரும் வரலை, அதான் எழுத உட்கார்ந்தேன். மரம் வைக்கோலுக்குள்ள தூங்குது.

மரத்துக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கு. சொல்றேன். இந்த வீட்டுல ஒரு முன்பல் விழுந்துச்சு. யாருதுன்னு கேட்காதீங்க, என்னுது இல்லை. வழக்கப்படி காக்கா எடுத்துட்டுப் போயி புதுப்பல்லு கொண்டுவரட்டும்னு கூரை மேல வீசணுமில்லையா. வீசினாங்க. கூரையில பட்டுத் தெறிச்சு, நேரா வந்து மரத்தோட வைக்கோலுக்குள்ள விழுந்துடுச்சு! "மரத்துக்குள்ள போயிடுச்சே, இனி மரத்துக்குத்தான் பல்லு முளைக்கும்"னு ஒரே அழுகை. வைக்கோலைப் பிரிச்சுத் தேடலாம்னா, பிரிச்சா மரம் செத்துடும்னு அதுக்கும் அழுகை. "தாத்தா கட்டச் சொன்னது, தொடாதே"ன்னு என் கையிலயே அடிச்சாங்க.

காகிதத்துல எங்கேயும் பேரு இல்லை பாருங்க. நான் ரொம்ப ஒழுக்கமா எழுதுறேன்.

மார்ச்சுல அந்த ஆள் பள்ளிக்கூடம் போகுது. மரத்தோட வயசுல இருக்கிற எல்லாரும் போவாங்க இல்லையா.

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1994 பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு,

கோட்டை 115½இல் திருத்திவிட்டேன்.

வைக்கோலை அவிழ்க்கும் காலம் நெருங்குகிறது. தவளை விழிக்கும் நாளன்று, அதாவது மார்ச் 6ஆம் தேதி, அவிழ்த்து அன்றே எரித்துவிட வேண்டும். குளிருக்கு ஒதுங்கிய பூச்சிகள் வெப்பம் கண்டு வெளியே வருவதற்கு முன்பு எரிப்பதுதான் முறை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளித் தோட்டத்தில் மாணவர்களை வைத்து அதே நாளில்தான் செய்தேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. நாள்காட்டி நம் முன்னோர் பார்த்துப் பார்த்து எழுதியது.

எரிப்பதற்கு முன் ஒவ்வொரு பிடியாக உதறிப் பாருங்கள். பால்பல் மிகச் சிறியது, ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். வெள்ளைத் துணி மேல் உதறினால் தெரியாது. கறுப்புத் துணி விரியுங்கள். மரத்திற்குப் பல் முளைக்காது என்பதை அறிவியல் படித்த ஒருவர் உறுதியாகச் சொன்னார் என்று, தேவைப்படுகிறவரிடம் சொல்லலாம்.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1994 மார்ச் 7

வாத்தியார் ஐயாவுக்கு,

பல்லு கிடைச்சுது! ஏழாவது பிடியில. என் கறுப்புப் பாவாடையை விரிச்சு உதறினோம். மறுபடி கூரையில வீசியாச்சு, இந்தத் தடவை நான் ஏணி வெச்சு ஏறி வெச்சிட்டே வந்தேன். என் வயசுக்கு இதெல்லாம் தேவையான்னு இன்சுக் கத்தினா.

வைக்கோலை எரிச்சுட்டோம். உண்மையைச் சொல்றேன், எனக்கு மனசே வரலை. ஆத்துல பனி இன்னும் என் முழங்கை நீளத்துக்குத் தடிமனா இருக்கு. எங்க ஊர்த் தவளைக்கு நாள்காட்டி படிக்கத் தெரியாது, அது ஏப்ரல்ல எந்திரிக்கும். ஆனா நாலு நாளா நல்ல வெயில். கூரையில தண்ணி சொட்டுது. சரி, படிச்ச மனுஷன் தேதி போட்டு எழுதியிருக்காரு, நூடுல்ஸ் விக்கிறவ நான் என்ன பெருசா கண்டேன்னு அவிழ்த்துட்டேன். மொட்டு எல்லாம் சிவப்பா, தொட்டா ஈரமா இருக்கு. சாறு ஏறியிருக்கு.

பள்ளிக்கூடத்துல முதல் நாள் ஒரு ஆளு அழலை. அம்மாதான் அழுதா.

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1994 மார்ச் 11
விரைவுத் தபால்

அம்மா,

மறுபடி கட்டுங்கள். உடனே. வைக்கோல் இல்லையென்றால் போர்வை, சாக்கு, எதுவானாலும் சரி.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. சாறு ஏறியிருக்கிறது என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மதியச் செய்தியில் வானிலைப் படத்தைப் பார்த்தேன். உங்கள் பக்கம் நாளைக் காலை மைனஸ் பதினான்கு என்று எழுதிக் காட்டினார்கள். சாறு ஏறிய பட்டைக்குள் அது உறைந்தால் பட்டை நீளவாக்கில் வெடிக்கும்.

மார்ச் 6 எங்கள் ஊரின் தேதி. உங்கள் ஊரின் தேதி அல்ல. பாடப்புத்தகத்தில் ஒரே தேதிதான் இருந்தது. நான் ஒரே ஊரில்தான் இருந்தேன். மேலே எங்கள் ஊர், கீழே உங்கள் ஊர் என்று நானே எழுதிவிட்டு, நிற்கும் இடத்தை மறந்திருக்கிறேன்.

தபால் அலுவலகத்திலிருந்துதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்க இரண்டு நாளாவது ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதும் தெரிகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1994 ஏப்ரல் 2

வாத்தியார் ஐயாவுக்கு,

உங்க விரைவுத் தபால் பதினாலாம் தேதி வந்துச்சு. பன்னெண்டாம் தேதி விடியக்காலையிலயே பட்டை வெடிச்சிடுச்சு. சத்தம் கேட்டுச்சு, காஞ்ச மிளகாயை உடைச்ச மாதிரி. வெளியே போய்ப் பார்த்தா அடிமரத்துல ஒரு கோடு, என் சுண்டுவிரல் நுழையுற அகலம். இப்போ கிளையெல்லாம் கறுத்துப் போச்சு. மொட்டு தொட்டா உதிருது.

அதை விடுங்க. ஒண்ணு கேட்கணும். பதினொண்ணாம் தேதி மத்தியானம் ரெண்டு தடவை போன் அடிச்சது நீங்களா?

கடையில கூட்டம், இன்சுக் எடுத்தா. பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்குதுன்னா. வெச்சுட்டாங்க. மறுபடி அடிச்சுது. மறுபடி மூச்சு. அவ முகம் மாறிப்போச்சு. "அம்மா, அவர்தான், புசான்ல இருந்து. நாரே பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கான்னு தெரிஞ்சு பேச நினைச்சிருக்கார், வாய் வரலை"ன்னா. ஆமாங்க, பேரை எழுதிட்டேன். எழுதினா எழுதினதுதான்.

அதுக்கப்புறம் ஒன்பது நாள் என் பொண்ணு போன் பக்கத்துலயே உட்கார்ந்தா. தட்டு கழுவப் போனா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு கழுவினா. பத்தாவது நாள் எந்திரிச்சு, "சரி, போதும்"னா. உல்சான்ல கப்பல் பட்டறையில வேலை செய்யுற ஒரு மனுஷர், பொண்டாட்டியை இழந்தவர், போன வருஷத்துல இருந்து கேட்டுக்கிட்டிருந்தார். அவருக்குச் சரின்னு கடிதம் போட்டுட்டா.

உங்க கடிதத்துல 'தபால் அலுவலகத்திலிருந்து'ன்னு படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. அங்கே போன் இருக்குமே. சொல்லுங்க, நீங்களா?

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1994 ஏப்ரல் 7

அம்மாள் அவர்களுக்கு,

நான்தான்.

கேட்காவிட்டாலும் சொல்லலாம் அல்லவா என்று எண்ணினேன். 'மறுபடி கட்டுங்கள், குளிர் வருகிறது' என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன், பதற்றத்தில் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. மறுமுனையில் ஒரு குரல் வந்தது. உங்கள் குரலா, உங்கள் மகளின் குரலா என்று பிரிக்க முடியவில்லை. மகளாக இருந்தால், விதியை மீறினேன் என்று கடிதங்களும் நின்றுவிடும். வைத்துவிட்டேன். பிறகு மரத்தை நினைத்து மீண்டும் அழைத்தேன். அதே குரல். மீண்டும் வைத்துவிட்டேன். நான்கு சொற்கள், அம்மா. தாளில் இருந்தன. வாசித்திருந்தாலே போதும்.

ஜுன்மோ அழைக்கவில்லை. அவன் அழைக்கிறவன் அல்லன். அவனை வளர்த்தவன் நான்.

உங்கள் மகளுக்கு நேராக எழுதி உண்மையைச் சொல்லவா? சொன்னால் அவருக்கு நல்லதா, கெடுதலா என்று இரண்டு நாட்களாக இரு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நீளமாக வருகின்றன. நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மரம்: நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மே மாதம்வரை வெட்ட வேண்டாம்.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1994 மே 21

வாத்தியார் ஐயாவுக்கு,

இன்சுக்கிட்ட சொல்லிட்டேன். "அந்த மூச்சு உன் மாமனார் மூச்சுடி, மரத்துக்குப் போர்வை போர்த்தச் சொல்ல வந்த மூச்சு"ன்னேன். சிரிச்சா. நல்லா சிரிச்சா. அப்புறம் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு பின்பக்கம் போயிட்டா. வந்து, "பரவாயில்லைம்மா, அவரா இருந்திருந்தா அதுக்கப்புறம் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை"ன்னா. கடிதம் எழுதக் கூடாதுன்னு சொல்லலை. அது போதும்.

உல்சான்காரர் ஒரு தடவை வந்துட்டுப் போனார். ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ், பேச்சில்லாம சாப்பிட்டார். பிள்ளை அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. "இவருக்கும் பல்லு விழுந்திருக்கு பாட்டி"ன்னா. நிஜமாவே ஓரத்துல ஒண்ணு இல்லை. நல்ல மனுஷர்தான் போல. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமான்னு தேடிப் பார்த்தேன், கிடைக்கலை, அதுதான் கோபமா வருது. ஆகஸ்ட்ல, முதல் பருவம் முடிஞ்சதும், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறார்.

இப்போ நல்ல சேதி. மரம் பொழைச்சிடுச்சு! துளிர் விட்டிருக்கு, நாலஞ்சு, இளஞ்சிவப்பா, ஒரு சாண் நீளத்துக்கு. நாரே அதைச் சுத்திச் சுத்தி ஆடினா. "தாத்தா மரம் செத்துப்போயி மறுபடி வந்துடுச்சு"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தா. நீங்க இனி நிம்மதியா இருங்க.

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1994 மே 27

அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். என் குணம் அதற்குமேல் இருக்கவிடவில்லை.

துளிர்கள் எங்கிருந்து வந்திருக்கின்றன? நான் முன்பு சொன்ன முழங்கை வீக்கத்திற்கு மேலிருந்தா, கீழிருந்தா? சருகை விலக்கிப் பாருங்கள்.

பார்க்க முடியவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. விரிந்த ஓர் இலையை எடுத்து அதன் விரல்களை எண்ணுங்கள். ஏழு என்றால் எங்கள் மரம். ஒன்பது அல்லது பதினொன்று என்றால் அது உங்கள் மலை மரம். நான் ஒட்டுக் கட்டியது போய்விட்டது, வேர் மட்டும் மிஞ்சித் தன் சொந்தக் கிளையை விட்டிருக்கிறது. இலையுதிர் காலத்தில் அதுவும் சிவக்கும், சில ஆண்டுகள் எங்களுடையதைவிட நன்றாகவே சிவக்கும். ஆனால் அது வேறு மரம்.

அப்படியானால், எழுதுவதற்கு நாம் ஒப்புக்கொண்ட காரணம் முடிந்துவிட்டது என்று ஆகும். எந்த மரத்தைப் பற்றி எழுதச் சம்மதம் தந்தார்களோ அந்த மரம் இல்லை. இல்லாத மரத்தின் பெயரில் கடிதம் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்து எழுதுங்கள். உண்மை எதுவானாலும் எழுதுங்கள்.

ஓக் சிஹியோன்


ஹ்வாச்சன்
1994 ஆகஸ்ட் 29

வாத்தியார் ஐயாவுக்கு,

மூணு மாசமா ஏன் எழுதலைன்னா, கோபம்.

மலையடிவாரத்துல பொறந்து அறுபத்தாறு வருஷமா அந்த இலையைக் கூட்டிப் பெருக்குறவளுக்கு எண்ணித்தான் தெரியணுமா? முதல் இலை விரிஞ்ச அன்னைக்கே தெரியும் எனக்கு, அது எங்க மலைக் கழுதைன்னு. தெரிஞ்சேதான் பொழைச்சிடுச்சுன்னு எழுதினேன். உங்களுக்காகவும், ஆடிக்கிட்டிருந்த அந்தப் பிள்ளைக்காகவும். படிச்ச மனுஷனுக்கு ஒரு பொய்யை வாங்கி வெச்சுக்கத் தெரியலை. எண்ணச் சொல்லி எழுதறீங்க.

அதுவும் எப்போ? பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டப்போ. உங்க கடிதத்தை மேஜையில வெச்சுட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தா, 'வி-ர-ல்-க-ளை எ-ண்-ணு-ங்-க-ள்'னு விரல் வெச்சுப் படிச்சிட்டிருக்கா. அந்த ஒரு வரிதான் படிக்க முடிஞ்சுது போல. உடனே வாசலுக்கு ஓடினா. எண்ணினா. "ஒன்பது!" அப்புறம் உள்ளே போய், போன வருஷம் படப்புத்தகத்துக்குள்ள வெச்சிருந்த இலையை எடுத்து எண்ணினா. ஏழு. ரெண்டு இலையையும் ரெண்டு கையில வெச்சுக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா. எனக்கு அடுப்புச் சூடு தெரியலை.

"பாட்டி, போன வருஷம் ஏழு விரல். இந்த வருஷம் ஒன்பது. மரத்துக்கு ரெண்டு விரல் முளைச்சிருக்கு. எனக்கும் ரெண்டு பல்லு முளைச்சிருக்கில்ல, அது மாதிரி. வளர்ந்திருக்கு."

நான் என்ன சொல்லணும், சொல்லுங்க? "ஆமாடி, வளர்ந்திருக்கு"ன்னேன்.

"தாத்தாக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் எண்ணச் சொல்லியிருக்கார்."

ரொம்பச் சந்தோஷம் அவளுக்கு. 'தாத்தா கேட்ட கணக்கு'ன்னு அந்த ரெண்டு இலையையும் ஒரே காகிதத்துல ஒட்டி எடுத்துட்டுப் போயிருக்கா.

இருபதாம் தேதி போனாங்க. மூணு பெட்டி, ஒரு சின்ன நாற்காலி. உல்சான் விலாசத்தை உங்களுக்குத் தரக் கூடாதுன்னு இன்சுக் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. "அவர் நல்லவர்தாம்மா. ஆனா புது வீட்டுல பழைய வீட்டுக் கடிதம் வந்தா நான் எப்படி இருக்கிறது"ன்னா. வருஷத்துக்கு ரெண்டு தடவை வரேன்னு சொல்லியிருக்கா. அப்படித்தான் சொல்லுவாங்க. வீட்டுல இப்போ என் கிண்ணம் ஒண்ணுதான். ஆனா இன்னமும் மூணு கிண்ணமாத்தான் கழுவி வைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு எழுத வந்துடுச்சு. என்னைக்காவது உங்களைத் தேடி எழுதுவா. வளர்ந்ததாலதான் விரல் முளைச்சுதான்னு கேட்பா. நான் சொன்னதையே சொல்லுங்க. ஆமான்னு சொல்லுங்க. அடிக்காம எழுதுங்க.

பியோ சுன்ரே


ஜோங்ஊப்
1994 நவம்பர் 2

சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். பதினோரு வரைவுகள் எழுதினேன். இது பன்னிரண்டாவது.

உல்சான் முகவரியை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சென்ற மாதம் நகராட்சி அலுவலகத்தில் எங்கள் குடும்பப் பதிவேட்டின் நகல் ஒன்று வாங்கினேன். "எதற்கு?" என்று அலுவலர் கேட்டதற்கு, "பார்ப்பதற்கு" என்றேன். அவருடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சிரமப்பட்டுத்தான் கொடுத்தார். பெயர் இருக்கிறது. பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அதைக்கொண்டு எதுவும் செய்யப்போவதில்லை என்று உங்கள் மகளிடம் சொல்லும் சந்தர்ப்பம் வந்தால் சொல்லுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை.

சமையலறைக் கதவு நிலையில் 115½க்கு மேல் எவ்வளவு தூரத்தில் அடுத்த கோட்டைப் போடுவது என்று தெரியவில்லை. அந்த வயதுக்கு ஆண்டுக்கு ஆறு செ.மீ. என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை நம்பி ஒருமுறை தேதி எழுதியவன் நான். கோடு போடவில்லை.

உங்கள் வேண்டுகோளைப் பற்றி. வயது ஏறுவதால் இலையில் விரல் கூடுவதில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேர்வில் தவறாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவள் கேட்டால் ஆமாம் என்று எழுதுவேன். இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரே சொல். அடிக்காமல் எழுத வந்தது. உறையிலிட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மேலே முகவரி மட்டும் இல்லை.

இனி மரம்.

உங்கள் வாசலில் இப்போது நிற்பது உங்கள் மலைக்குரியது. மைனஸ் முப்பது வந்தாலும் தானே பார்த்துக்கொள்ளும். வைக்கோல் தேவையில்லை, சருகு தேவையில்லை, என் யோசனை எதுவும் தேவையில்லை. இதைத் தாவரவியல் படித்தவனாகச் சொல்கிறேன்.

ஆனாலும் இருபதாம் தேதிக்குள் கட்டுங்கள். போன ஆண்டு வந்த சிப்பாய்கள் பணிக்காலம் முடிந்து போயிருப்பார்கள். வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவிழ்க்கும் நாளை இந்த முறை நான் சொல்லமாட்டேன். உங்கள் ஆற்றில் பனி உடைந்ததும், உங்கள் தவளை எழுந்ததும், நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

கட்டும்போது மரத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்தில் நிற்க ஆள் இல்லை என்பது தெரியும். மரத்தின் உயரம் மட்டும் போதும்.

ஓக் சிஹியோன்